உடைசலார் செய்த உறுதியான பெஞ்சு

உடையாத நாற்காலி செய்ய ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். சொன்ன நேரத்தில், சொன்ன ஆள் உட்கார்ந்ததும், சொன்ன பக்கமாக உடைகிற நாற்காலியைச் செய்ய ஒரே ஆள்தான் இருந்தார். தொலைக்காட்சி ஸ்டூடியோவில் அவருக்கு வைத்த பெயர் உடைசலார். கடைசியில் வரும் அந்த 'ஆர்' மரியாதைக்குச் சேர்த்தது என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். நம்பிவிட்டுப் போகட்டும், நமக்கென்ன.

பன்னிரண்டு வருஷமாக வாரம் தவறாமல் ஓடிய 'அப்பா பார்த்துக்குவார்' என்ற குடும்பத் தொடருக்கு அவர்தான் தச்சர். தொடரின் கதையைச் சொல்ல அரை நிமிஷம் போதும். வீட்டில் ஏதாவது ஒன்று ரிப்பேர் ஆகும். குழாய் ஒழுகும், கதவு கிறீச்சிடும், அலமாரி ஆடும். ஆளைக் கூப்பிடலாம் என்பாள் அம்மா. அப்பா இடுப்பில் கையை ஊன்றி, "ஆள் எதுக்கு? அப்பா பாத்துக்கறேன்!" என்பார். ஷூட்டிங் பார்க்கக் கேலரியில் உட்கார்ந்திருக்கும் இருநூறு பேரும் அப்போதே சிரிக்கத் தொடங்கிவிடுவார்கள். அப்புறமென்ன, ஒழுகிய குழாய் பீறிட்டு அடிக்கும், கிறீச்சிட்ட கதவு கழன்று விழும், ஆடிய அலமாரி மாமியார் மேல் சாயும். முடிவில் மொத்தக் குடும்பமும் அப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொள்ளும். வீட்டை இடித்தவனைக் கட்டிப்பிடிக்கிற குடும்பம் தொலைக்காட்சியில்தான் உண்டு. அதனால்தான் ஜனங்கள் விழுந்து விழுந்து பார்த்தார்கள்.

அந்த டிவி அப்பாவாக நடித்தவருக்கு ஆணியில் எந்தப் பக்கம் கூர் என்பதே சந்தேகம். சுத்தியலைக் கரண்டி பிடிக்கிற மாதிரி பிடிப்பார். ஆனால் அவர் கடைத்தெருவுக்குப் போனால் பெண்கள் ஓடிவந்து, "எங்க வீட்டுக் குழாயையும் வந்து பாருங்களேன்" என்று சிரிப்பார்கள். உடைசலார் பக்கத்தில் கையில் ரம்பப் பையோடு நின்றால், "அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, போட்டோ எடுக்கணும்" என்பார்கள். தள்ளி நிற்பார், பாவம்.

அவருடைய வேலை லேசுப்பட்டதல்ல. உடைய வேண்டிய பலகையைக் குப்புறப் போட்டு, அடிப்பக்கத்தில் முக்கால் ஆழத்துக்கு ரம்பத்தால் அறுப்பார். அந்தக் கீறலில் மெழுகையும் மரத்தூளையும் குழைத்து அடைப்பார். மேலே ஒரு கை பெயின்ட். அப்புறம் பலகையின் முன் விளிம்பில், கேமராவுக்குத் தெரியாதபடி விரல் நகம் அளவுக்கு ஒரு சாக்பீஸ் கோடு. நடிகர் அந்தக் கோட்டுக்கு நேராக உட்கார வேண்டும். உட்கார்ந்தால் 'டமார்'. அரை அடி தள்ளி உட்கார்ந்தால் ஒன்றும் ஆகாது, டைரக்டர் தலையில் அடித்துக்கொள்வார். அறுப்பின் ஆழம் ஆளின் எடையைப் பொறுத்தது. அதனால் அந்தத் தொடரில் நடித்த அத்தனை பேருடைய எடையும் அவருக்கு மனப்பாடம். மாமியாராக நடித்த அம்மாள் தன் டாக்டரிடம் ஆறு கிலோ குறைத்துச் சொல்வார். உடைசலாரிடம் அந்தப் பருப்பு வேகாது.

பன்னிரண்டு வருஷத்தில் எத்தனை நாற்காலி, எத்தனை ஸ்டூல், எத்தனை கட்டில்! எதுவும் ஒருமுறைகூட ஏமாற்றியதில்லை. எல்லாம் சொன்னபடி உடைந்தன.

ஸ்டூடியோவில் இப்படிப் பேர் எடுத்தவருக்கு வீட்டில் என்ன மரியாதை கிடைத்தது? அதைச் சொல்லாமல் விடுவதுதான் மரியாதை, ஆனாலும் சொல்கிறேன்.

வீட்டில் அவர் செய்த எதிலும் யாரும் உட்கார மாட்டார்கள். கல்யாணமான புதிதில் அவர் செய்த நாற்காலிகள் இன்றும் இரும்பு மாதிரி இருக்கின்றன. ஆனால் தொடர் ஓட ஆரம்பித்த பிறகு பார்வை மாறிவிட்டது. மனைவியின் தம்பி வந்தால் நாற்காலியை முன்னால் பார்ப்பான், பின்னால் பார்ப்பான், குனிந்து அடியில் பார்ப்பான். பிறகு, "மாமா, இது உக்கார்ற நாற்காலியா, உடையற நாற்காலியா?" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். அவன் தரையில் உட்கார்ந்துகொள்வான். முதல் தடவை உடைசலாரும் சிரித்தார். ஐம்பதாவது தடவையும் சிரிக்க முடியுமா?

போன வருஷம் பரணுக்கு ஏறும் ஏணியில் ஒரு படி விட்டுப்போனது. மனைவி, புருஷன் வேலைக்குப் போன நேரம் பார்த்து, அடுத்த தெருவிலிருந்து வேறொரு தச்சரைக் கூட்டிவந்து சரிசெய்துவிட்டாள். சாயங்காலம் அவர் புதுப் படியைப் பார்த்தார்.

"யாரு போட்டது?"

"ஆள் வெச்சுப் போட்டேன்."

"நான் எதுக்கு இருக்கேன்?"

"ஏங்க, அதுல ஏறப்போறது நானு. விழுந்தா கை தட்டறதுக்கு இங்க இருநூறு பேரா இருக்காங்க?"

அவர் அந்தப் படியைத் தட்டிப் பார்த்தார். ஆணி கோணலாக அடித்திருந்தது. அந்தக் கோணல் ஆணியை நம்புகிறவள் புருஷன் கையை நம்பவில்லையே என்று அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை அவருக்கு.

இந்த நிலைமையில்தான் மகளுக்கு எட்டு மாசம். முதல் பிரசவம். அம்மா வீட்டுக்கு வந்து தங்கியிருந்தாள். பிறக்கப்போகும் குழந்தைக்கு மரத்தில் ஒரு தொட்டில் செய்ய வேண்டும் என்று உடைசலாருக்கு உயிர் துடித்தது. நல்ல தேக்குப் பலகை நாலு வாங்கிக் கட்டிலுக்கு அடியில் சொருகி வைத்திருந்தார். காகிதத்தில் படம்கூட வரைந்துவிட்டார். மெல்லப் பேச்சை எடுத்தார்.

"தொட்டில் ஒண்ணு..."

"கடையில பாத்து வெச்சிட்டோம்பா" என்றாள் மகள்.

"கடையில என்னம்மா இருக்கும்? தூளை ஒட்டிப் பலகைன்னு விப்பான். நான் செஞ்சா..."

தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பார்த்த பார்வையிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. மகள்தான் மெதுவாகச் சொன்னாள்: "அப்பா, தப்பா நினைக்காதீங்க. அதுல குழந்தைய போட்டுட்டு என்னால தூங்க முடியாதுப்பா."

இதற்கு அவள் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டினால் திருப்பித் திட்டலாம். அன்பாகச் சொன்னால் மனுஷன் என்னதான் செய்வது?

அந்த நேரம் பார்த்துத்தான் தொடர் முடியப்போகிறது என்ற செய்தி வந்தது. கடைசிப் பாகத்துக்குக் கதை எழுதுகிறவர்கள் மூன்று மாசம் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு மகத்தான யோசனையைக் கண்டுபிடித்திருந்தார்கள். பன்னிரண்டு வருஷத்தில் முதல்முறையாக அப்பா செய்த பொருள் உடையாமல் நிற்கும்! தன் கையால் ஒரு பெஞ்சு செய்வார் அப்பா. குடும்பமே பயந்து பயந்து அதில் உட்காரும். பெஞ்சு நிற்கும். எல்லோரும் அழுவார்கள். சுபம். உடையாமல் இருப்பதைக் கண்டுபிடிக்க மூன்று மாசம், நாலு பேர், இரண்டு ஏ.சி. அறை.

டைரக்டர் உடைசலாரைக் கூப்பிட்டார். "அண்ணே, இந்த ஒரு தடவை உடையக் கூடாது. முடியுமா உங்களால?"

தச்சனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது! உடைசலாருக்குச் சுருக்கென்றது. ஆனால் மறுநிமிஷமே மூளையில் மின்னல் அடித்தது. வீட்டுக்கு ஓடிவந்தார்.

"வர்ற சனிக்கிழமை ரெண்டு பேரும் ஷூட்டிங் பாக்க வாங்க. நான் செஞ்ச பெஞ்சுல அஞ்சு பேர் உக்காரப்போறாங்க. நின்னுச்சுன்னா தொட்டில் நான் செய்வேன். விழுந்துச்சுன்னா இந்த ஜென்மத்துல தொட்டில் பேச்சை எடுக்க மாட்டேன்."

மனைவி யோசித்தாள். பன்னிரண்டு வருஷத்தில் ஒருநாளும் அவள் அந்த ஸ்டூடியோ வாசலை மிதித்ததில்லை. "புருஷன் செஞ்சது உடையறத பஸ் ஏறிப் போய் வேற பாக்கணுமா" என்பாள். இப்போது, "சரி, நின்னா பாக்கலாம்" என்றாள்.

மூன்று நாள் வேலை. அடடா, என்ன பெஞ்சு அது! ஆணி கிடையாது, மரத்தில் மரத்தைக் கோத்துப் பசையிட்டு இறுக்கியிருந்தார். முன்பக்கம் தரைவரை பலகை அடித்து, பார்க்கப் பெட்டி மாதிரி இருந்தது. பின்பக்கம் திறந்திருக்கும், அது சுவரை ஒட்டி நிற்கப்போவதால் தெரியாது. வெள்ளிக்கிழமை காலையில் ஸ்டூடியோ ஆட்கள் ஆறு பேரை அதன் மேல் ஏற்றிக் குதிக்கச் சொன்னார். குதித்தார்கள். பெஞ்சு முனகக்கூட இல்லை. ஒருத்தன் கேட்டே விட்டான்: "உடைசலாரே, உங்களுக்கு இதுவும் தெரியுமா?"

மத்தியானம் பூச்சு வேலை மட்டும்தான் பாக்கி. பெஞ்சைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மகளிடமிருந்து போன் வந்தது. போனைச் சத்தமாக வைத்துப் பக்கத்தில் சாய்த்துவிட்டு, வேலையைத் தொடர்ந்தபடியே பேசினார்.

"அப்பா, கடைக்காரர் நாளைக்குள்ள முடிவு சொல்லணும்னு சொல்றாரு. இருக்கறது கடைசி ஒண்ணாம்."

"பொறும்மா. நாளைக்குப் பாத்துட்டுச் சொல்லு."

"உங்க மாப்பிள்ளையும் வாங்கிடலாம்னுதான் சொல்றாரு."

"மாப்பிள்ளைக்கு மரத்தைப் பத்தி என்ன தெரியும்? அவர் வீட்டு மேஜைக்குக் கால் ஆடுது, அதுக்கடியில பேப்பரை மடிச்சு வெச்சிருக்கார்!"

அரை மணி நேரம் வாதம். வாய் தொட்டிலுக்கு வழக்காடிக்கொண்டிருந்தது. கை அதுபாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. மகள் கடைசியில், "சரிப்பா, நாளைக்குப் பாக்கலாம்" என்று போனை வைத்தபோது பெஞ்சும் முடிந்திருந்தது. திருப்திப்பட்டுக்கொண்டு கையைத் துடைத்தார். வீட்டுக்குப் போய்த் தேக்குப் பலகைகளை வெளியே இழுத்துத் தூசி தட்டி வைத்தார்.

சனிக்கிழமை கேலரி நிறைந்து வழிந்தது. மூன்றாவது வரிசையில் மனைவியும் மகளும். மகளுக்கு முதுகுக்குப் பின்னால் வைக்க ஒரு தலையணையை எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தார். பிறகு அலங்காரச் சுவருக்குப் பின்னால் தன் வழக்கமான இடத்தில் போய் நின்றுகொண்டார். அந்த ஒட்டுப்பலகைச் சுவரின் அடியில், பெஞ்சுக்கு நேர் பின்னால், ஓர் ஆள் தவழ்ந்து போகிற அளவுக்குச் சின்னக் கதவு உண்டு. தண்ணீர்க் குழாய் நுழைக்கவும் கயிறு இழுக்கவும் அவரே வைத்தது. பக்கவாட்டில் ஒரு சந்து இருந்தது, அதன் வழியாக மேடையைப் பார்க்கலாம்.

காட்சி தொடங்கியது. பெஞ்சை மூடியிருந்த துணியை டிவி அப்பா விலக்கினார். "இது அப்பா செஞ்சது!" கேலரியே சிரித்தது. மாமியார் ஓடி ஒளிந்தாள். அதற்கும் சிரிப்பு. டிவி மகன் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு வந்தான். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. உடைசலாரும் சிரித்துக்கொண்டே தன் பெஞ்சை ஆசையோடு பார்த்தார். முன் விளிம்பில், நட்டநடுவில், விரல் நகம் அளவுக்கு ஒரு சாக்பீஸ் கோடு.

சந்தில் கண்ணை ஒட்டி வைத்து மறுபடி பார்த்தார். கோடேதான்.

கோடு இருந்தால் அடியில் அறுப்பு இருக்கும். பன்னிரண்டு வருஷத்தில் அறுக்காமல் அவர் கோடு போட்டதில்லை, கோடு போடாமல் அறுத்ததும் இல்லை. நேற்று மத்தியானம் மாப்பிள்ளை வீட்டு மேஜைக்கால் ஆடுவதைப் பற்றி வாய் நியாயம் பேசிக்கொண்டிருந்தபோது, கவிழ்ந்து கிடந்த பலகையைக் கண்ட கை சும்மா இருக்குமா? ரம்பத்தை எடுத்திருக்கிறது, முக்கால் ஆழம் அறுத்திருக்கிறது, மெழுகு அடைத்திருக்கிறது, பெயின்ட் பூசியிருக்கிறது, மறக்காமல் கோடும் போட்டிருக்கிறது. எவ்வளவு பொறுப்பான கை!

மேடையில் டிவி அப்பா ஒவ்வொருவராகக் கைப்பிடித்து அழைத்துவந்துகொண்டிருந்தார். இப்போது ஒரு சத்தம் போட்டால் போதும், ஷூட்டிங் நின்றுவிடும். பெஞ்சை மாற்றி வேறொரு நாள் எடுத்துக்கொள்ளலாம். நியாயமான மனுஷன் அதைத்தான் செய்வான். உடைசலார் சந்தின் வழியாக மூன்றாவது வரிசையைப் பார்த்தார். மனைவி சீட்டின் நுனிக்கு வந்திருந்தாள். மகள் இரண்டு கையையும் கோத்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான், நியாயம் பறந்துவிட்டது. மனுஷன் குனிந்தார், அந்தச் சின்னக் கதவைத் திறந்தார், நாலு காலில் தவழ்ந்து பெஞ்சுக்கு அடியில் புகுந்துவிட்டார்.

உள்ளே இருட்டு. கையால் தடவினார். அறுப்பு தட்டுப்பட்டது. மெழுகு மழமழவென்று எவ்வளவு நேர்த்தியாக இருந்தது தெரியுமா? முதுகை அதற்கு நேராகக் கொடுத்து, முட்டியையும் உள்ளங்கையையும் தரையில் ஊன்றிக்கொண்டார்.

முதலில் டிவி மகள் உட்கார்ந்தாள். நாற்பத்தெட்டு கிலோ, பாதகமில்லை. பிறகு மகன். பிறகு அம்மா, அறுபத்திரண்டு. டிவி அப்பா உட்கார்ந்தபோது உடைசலாரின் பல் நறநறத்தது. கடைசியாக மாமியார். டாக்டரிடம் சொல்லும் எடையா, உண்மையான எடையா என்ற வழக்கு அந்தக் கணத்தில் அவர் முதுகில் தீர்ப்பானது.

பெஞ்சு நின்றது. கேலரியிலிருந்து 'ஆ' என்று ஒரு சத்தம், அதன் பிறகு கைதட்டல்.

காகிதத்தில் இந்தக் காட்சி இரண்டு நிமிஷம்தான். உட்கார வேண்டும், அப்பா நாலு வரி பேச வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும், முடிந்தது. ஆனால் டிவி அப்பாவுக்குக் கடைசி நாள் அல்லவா, உணர்ச்சி பொங்கிவிட்டது. எழுதாத வசனமெல்லாம் வாயில் வந்தது.

"இத்தனை வருஷமா இந்தக் குடும்பத்தைத் தாங்கினது யாருன்னு நினைச்சீங்க? எவ்வளவு பாரம் தெரியுமா? ஒருநாளாவது முகம் சுளிச்சிருப்பேனா?"

பெஞ்சுக்கு அடியில் ஒரு முகம் நன்றாகவே சுளித்திருந்தது. மாமியார் தேம்பித் தேம்பி அழுதார், ஒவ்வொரு தேம்பலுக்கும் பெஞ்சு குலுங்கியது. 'அழாதே தாயே, உனக்குப் புண்ணியமாப் போகும்' என்று உடைசலார் மனசுக்குள் கும்பிட்டார். கை ஊன்றியிருந்ததால் வேறு எப்படிக் கும்பிடுவது? டிவி அப்பா தன் அப்பாவைப் பற்றிப் பேசினார். அந்த அப்பாவுடைய அப்பாவைப் பற்றியும் பேசினார். போட்டோவை மூன்றுமுறை எடுத்தார்கள், மூன்றாவதுக்கு மாமியார் நகர்ந்து நடுவுக்கு வந்தார். பதினோரு நிமிஷம்! உடைசலாருக்கு முட்டி மரத்து, முதுகு எரிந்து, கண்ணில் வியர்வை இறங்கியது. ஆனாலும் அந்த இருட்டில் அவருக்கு ஒரே ஒரு நினைப்புதான்: மூணாவது வரிசையில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், நின்றுகொண்டிருக்கிறது.

"கட்!" என்றார் டைரக்டர். இருநூறு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஐவரும் பெஞ்சை விட்டு எழுந்தார்கள். உடைசலார் பின்னோக்கி ஊர்ந்து வெளியே வந்து, முகத்தைத் துடைத்து, நிமிர முடியாமல் நிமிர்ந்து, சுவரைச் சுற்றிக்கொண்டு மேடைக்கு வந்தார்.

மனைவியும் மகளும் கேலரியிலிருந்து இறங்கி எதிரே வந்தார்கள். மனைவியின் முகத்தில் இப்படி ஒரு வெளிச்சத்தை அவர் பார்த்து எத்தனை காலமாயிற்று!

"ஏங்க, நின்னுடுச்சே!"

"ம்."

"அஞ்சு பேரு! அந்தம்மா வேற அப்படி உக்காந்தாங்க. நான் கண்ணையே மூடிக்கிட்டேன். அசையலையே!" அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். "நான்தான் இத்தனை நாளா உங்களைத் தப்பாப் பேசிட்டேன். தொட்டிலை நீங்களே செய்ங்க."

உண்மையை அப்போதே சொல்லியிருக்கலாம் அல்லவா? சொல்லவில்லை. வாயைத் திறக்கவே இல்லை. பன்னிரண்டு வருஷம் பட்டினி கிடந்தவனுக்கு முன்னால் இலை போட்டால், இது யார் வீட்டுச் சாப்பாடு என்றா கேட்பான்? 'வீட்டுக்குப் போனதும் அந்தத் தேக்கை எடுத்து நிதானமாகச் செய்துவிட்டால் போச்சு, யாருக்குத் தெரியப்போகிறது' என்று மனசு சமாதானம் சொன்னது. உச்சி குளிர்ந்து, சிரித்துக்கொண்டு நின்றார்.

"அப்பா, கால் கடுக்குதுப்பா" என்றாள் மகள். "ஒரு நிமிஷம் உக்கார்றேன்."

சொல்லிக்கொண்டே வயிற்றில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை வைத்துப் பெஞ்சை நோக்கி நடந்தாள். நாற்காலிகள் நாலைந்து அங்கேயே கிடந்தன. அவளுக்கு அப்பா செய்த பெஞ்சில்தான் உட்கார வேண்டும்.

"அதுல வேணாம்மா, பெயின்ட் காயல!"

"அஞ்சு பேர் உக்காந்து எழுந்துட்டாங்க, இப்பதான் காயலையா?" அவள் சிரித்தாள். திரும்பி, நட்டநடுவில், சாக்பீஸ் கோட்டுக்கு நேராக, மெல்ல உட்காரப்போனாள்.

"உக்காராதே!"

அந்தக் கத்தலில் ஸ்டூடியோ முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவள் திடுக்கிட்டு நிமிர்வதற்குள் உடைசலார் பாய்ந்து, அவளை ஒரு பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அவளுக்குப் பதிலாகத் தானே பெஞ்சில் தொப்பென்று விழுந்தார்.

டமார்.

கோட்டுக்கு நேராக, ஒரு நூல் பிசகாமல், பெஞ்சு இரண்டாகப் பிளந்தது. உடைசலார் நடுவில் கால் இரண்டும் மேலே தூக்கியபடி கிடந்தார். கலைந்து போய்க்கொண்டிருந்த கூட்டம் ஒரு கணம் திகைத்தது. அப்புறம் சிரித்தது பாருங்கள், பன்னிரண்டு வருஷத்தில் அப்படி ஒரு சிரிப்பை டிவி அப்பாவே வாங்கியதில்லை. "கேமரா ஓடிச்சா? ஓடிச்சாய்யா?" என்று டைரக்டர் குதித்துக்கொண்டு ஓடினார்.

மகள் சிரிக்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பிளந்த பலகையையே பார்த்தாள். மேலே கொஞ்சம் பிய்ந்த மரம், கீழே முக்கால் பங்கு நேர்க்கோடாக ரம்பம் ஓடிய தடம், ஓரத்தில் மெழுகு.

மனைவி குனிந்து அவருக்குக் கை கொடுத்துத் தூக்கினாள். அவர் திரும்பியபோது சட்டையின் முதுகைப் பார்த்தாள். தோளுக்குத் தோள் குறுக்காகப் பெயின்ட்டும் மெழுகும் அப்பிய பட்டை ஒன்று, பலகை அகலத்துக்கு. உடைந்த பலகையையும் அந்தப் பட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கை பழகிப்போச்சும்மா" என்றார் மகளிடம். "நேத்து உன்கூடப் பேசிக்கிட்டே... எனக்கே தெரியாமச் செஞ்சிடுச்சு. என் கையை நானே நம்ப முடியல. தொட்டிலைக் கடையிலயே வாங்கிடும்மா." அவ்வளவு பேர் பார்க்க, தேம்பித் தேம்பி அழுதார். வசனமில்லாத அழுகை என்பதால் யாரும் கைதட்டவில்லை.

மூவரும் பஸ் ஏறி வீடு வந்தார்கள். அன்றிரவு மனைவி அவர் முதுகுக்குத் தைலம் தேய்த்துவிட்டாள்.

வியாழக்கிழமை கடையிலிருந்து தொட்டில் வந்தது. அட்டைப்பெட்டியில் தனித்தனித் துண்டுகளாக வந்தது, கூடவே ஒரு பையில் பன்னிரண்டு திருகாணி. பூட்டிக் கொடுக்கக் கடையாள் ஒருவர் வந்திருந்தார். உடைசலார் கண்கொண்டு பார்க்க முடியாமல் பால்கனிக்குப் போய்த் தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார். தூளை ஒட்டிய பலகைதான், நூறடி தூரத்திலிருந்தே அவருக்குத் தெரிந்தது.

உள்ளே கடையாள் தடுமாறிக்கொண்டிருந்தார். ஒரு பக்கத்தைத் திருகினால் மறுபக்கம் சாய்ந்தது. "யாராவது ஒருத்தர் கொஞ்சம் பிடிச்சுக்கணும்மா" என்றார். மச்சினன் எழுந்தான்.

"நீ உக்காரு" என்றாள் அவன் அக்கா. பால்கனிப் பக்கம் திரும்பினாள். "ஏங்க, இங்க வாங்க. வந்து இதைப் பிடிங்க."

அவர் வந்து தயங்கி நின்றார்.

"ஐயாவுக்கு மரவேலை தெரியுமா?" என்றார் கடையாள்.

"செய்யறதைப் பத்தி நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல" என்றாள் மனைவி. "ஆனா அடியில இருந்து தாங்கிப் பிடிக்கறதுல எங்க வீட்டுக்காரரை அடிச்சுக்க ஆளே கிடையாது."

மச்சினன் வாயைத் திறந்தான். அக்காவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான். உடைசலார் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து, தொட்டிலின் அடியில் இரண்டு கையையும் கொடுத்துப் பிடித்துக்கொண்டார். கடையாள் ஒவ்வொரு திருகாணியாக இறுக்கினார். பன்னிரண்டும் முடிந்து, சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டார்.

"விடுங்கப்பா, நிக்கும்" என்றாள் மகள்.

அவர் விடவில்லை, இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருந்தார்.